நாசா சொன்னதாம்! ஒரு மணற்றிட்டின் இரண்டு வரலாறுகள்

இலங்கையின் தலைமன்னாருக்கும் இந்தியாவின் தனுஷ்கோடிக்கும் இடையில் கடலுக்குள் கிடக்கும் மணற்றிட்டுகளுக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. கடலும் காற்றும் மனிதரும் சேர்ந்து பல்லாயிரம் ஆண்டுகளாக எழுதிவருவது முதலாவது வரலாறு. இரண்டாவது 2002ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், ஒரு செய்மதிப் படத்தோடு தொடங்கியது. உலகெங்கும் பரந்து வாழும் தமிழரில் பலருக்கு இன்று தெரிந்திருப்பது இந்த இரண்டாவது வரலாறு மட்டுமே என்பதுதான் வேதனைக்குரியது.

அந்த மாதத்தில் இந்தியப் பத்திரிகைகள் சிலவற்றிலும் இணையத்தளங்களிலும் ஒரு செய்தி வெளியாகியது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா எடுத்த படங்கள், பாக்கு நீரிணையில் மறைந்து கிடந்த பழம்பெரும் பாலம் ஒன்றை வெளிப்படுத்தியுள்ளன என்பது அதன் சாரம். அப்பாலத்தின் வளைவும் அமைப்பும் அது மனிதரால் கட்டப்பட்டதென்பதைக் காட்டுகின்றனவாம். இலங்கையில் மனிதர் குடியேறிய காலம் 17,50,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதாம். பாலத்தின் வயதும் ஏறத்தாழ அவ்வளவேயாம். ஆகவே இராமாயணத்தில் வரும் சேது இதுவே என்று செய்தி முடிவு கட்டியது.

செய்தியோடு நீலக் கடலில் வெண்ணிறக் கோடாக வளைந்து செல்லும் திட்டுகளின் படமும் இருந்தது. படம் உண்மையானது. அதனை எடுத்தது நாசா என்பதும் உண்மையாக இருக்கலாம். படத்தோடு சேர்த்து அனுப்பப்பட்ட மற்ற எதனையும் நாசா சொல்லவில்லை.

நான் இங்கே இராமாயணத்தைப் பற்றி வழக்காட வரவில்லை. நம்பிக்கை உள்ளவருக்குச் சேது புனிதமானது. அந்தப் புனிதத்திற்குச் செய்மதியின் சான்றிதழ் என்றுமே தேவைப்பட்டதில்லை. என் அக்கறை வேறு. ஒரு தகவல் எவ்வாறு அதிகாரம் பெறுகிறது, அந்த அதிகாரம் அதற்கு உரியதுதானா என்பதை எவ்வாறு கண்டறிவது என்பதே இங்கு பேசவேண்டியது. பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவனுக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. அதற்கு இந்த மணற்றிட்டைவிட நல்ல பாடம் நமக்குக் கிடைப்பதும் அரிது.

படம் வேறு, பொருள் வேறு

அந்தச் செய்தியை ஓர் ஆசிரியபீட மேசையில் வைத்து வரிக்கு வரி சோதித்துப் பார்ப்போம்.

முதலாவதாக, மறைந்து கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது என்ற கூற்று. இந்தத் திட்டுகள் ஒருபோதும் மறைந்து கிடந்ததில்லை. பதினோராம் நூற்றாண்டிலே இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி சேதுவைக் குறிப்பிடுகிறார். ஐரோப்பியர் தமது கடல் வரைபடங்களில் இதனை ஆதாம் பாலம் என்று குறித்தனர். இதனூடாகக் கப்பற் பாதை அமைக்கலாமென 1860இலேயே டெய்லர் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி ஆலோசனை கூறினார். விண்ணிலிருந்து பார்த்ததுகூட 2002இல் புதிதன்று. 1966ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஜெமினி 11 விண்கலத்தில் சென்றவர்கள் இந்தியாவையும் இலங்கையையும் ஒரே சட்டத்துக்குள் படம் பிடித்துவிட்டார்கள். மன்னார் மீனவர் ஒருவரிடம் சென்று, உங்கள் கடலில் ஒரு திட்டு கண்டுபிடிக்கப்பட்டுள்ளது என்று சொன்னால் அவர் சிரித்திருப்பார்.

இரண்டாவதாக, வயது. மேலிருந்து எடுத்த ஒளிப்படம் ஒரு பொருளின் வடிவத்தைக் காட்டும், நிறத்தைக் காட்டும். வயதைக் காட்டாது. வயதை அறிய மண்ணையும் பவளத்தையும் துளையிட்டு எடுத்து ஆய்வுகூடத்தில் சோதிக்க வேண்டும். இதற்குப் பெரிய விஞ்ஞான அறிவு தேவையில்லை. ஒருவரின் படத்தைப் பார்த்து அவர் பிறந்த திகதியைச் சொல்லமுடியாது என்ற பொது அறிவு போதும்.

மூன்றாவதாக, 17,50,000 என்ற எண். நமது இனமான நவீன மனிதன் தோன்றி ஏறத்தாழ 3,00,000 ஆண்டுகளே ஆகின்றன என்பது மொரோக்கோ நாட்டின் ஜெபல் இர்ஹூட் என்னுமிடத்துப் புதைபடிவங்களைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வுகளின் முடிவு. இலங்கையில் களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகையில் மனிதர் வாழ்ந்தமைக்குக் கிடைத்துள்ள சான்றுகள் சுமார் 45,000 ஆண்டுகள் பழையவை. வடக்கே இரணைமடுவின் பெயரால் வழங்கும் மண்படிவங்களை நாட்டின் பிற கரையோரங்களிலும் ஆராய்ந்த தொல்லியலாளர் சிரான் தெரணியகல, கற்கருவிகளின் காலத்தைச் சுமார் 1,25,000 ஆண்டுகள் வரை கொண்டுசென்றார். அதற்கும் முந்திய மனித நடமாட்டம் பற்றி அறிஞர் ஊகங்கள் உண்டு. ஆயினும் பதினேழரை இலட்சத்துக்கு எந்தக் குகையும் எந்தக் கருவியும் சாட்சி சொல்லவில்லை.

அப்படியானால் அந்த எண் எங்கிருந்து வந்திருக்கும்? மரபான யுகக் கணக்கை எடுத்துப் பாருங்கள். திரேதா யுகம் 12,96,000 ஆண்டுகள். அடுத்துவரும் துவாபர யுகம் 8,64,000 ஆண்டுகள். கலியுகம் தொடங்கி ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள். கூட்டிக் கழித்தால், திரேதா யுகம் சுமார் 21,65,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 8,69,000 ஆண்டுகளுக்கு முன் முடிந்ததாகிறது. பதினேழரை இலட்சம் அதன் நடுவே கச்சிதமாகப் பொருந்துகிறது. இராமன் வாழ்ந்த யுகம் அதுவென்பது மரபு. எதனை நிறுவ வேண்டுமோ அதனை முன்கூட்டியே எண்ணுக்குள் வைத்துவிட்டால், பிறகு அந்த எண்ணைச் சான்றாகக் காட்டுவது மிக எளிது.

நாசா இதற்கு என்ன சொன்னது? சர்ச்சை மூண்டபோது அதன் பேச்சாளர் தெளிவாகவே பதிலளித்தார். இணையத்தளங்களில் உள்ள படங்கள் எங்களுடையவையாக இருக்கலாம். அவற்றுக்குத் தரப்படும் விளக்கம் எங்களுடையதன்று. விண்ணிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு ஒரு தீவுத்தொடரின் தோற்றத்தையோ வயதையோ நேரடியாக அறியமுடியாது. அதிலே மனிதரின் கை பட்டதா என்று தீர்மானிக்கவும் முடியாது. அவர் சொன்னதன் கருத்து இது. இதைவிட வெளிப்படையான மறுப்பு வேறென்ன வேண்டும்? ஆனால் மறுப்பு சென்ற தூரம் மிகக் குறைவு. செய்தி இன்றும் பயணம் செய்துகொண்டிருக்கிறது.

ஓர் எண்ணுக்குள் புதைந்த கேள்விகள்

இது வெறும் வேடிக்கையாகப் போயிருந்தால் நான் இத்தனை வரிகளை எழுதியிருக்கமாட்டேன். 2005ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் திகதி இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் சேதுசமுத்திரக் கப்பற் கால்வாய்த் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். 2,427 கோடி இந்திய ரூபா செலவில், 167 கிலோமீற்றர் நீளத்தில் கால்வாய் அமைப்பதென்பது திட்டம். அது இந்தத் திட்டுகளை ஊடறுத்துச் செல்வதாக இருந்தது. 2007 ஓகஸ்ட் 31ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் ஆதாம் பாலத்துக்குச் சேதம் விளைவிக்கும் வேலைகளுக்குத் தடை விதித்தது. செப்டெம்பரில் இந்தியத் தொல்லியல் துறையின் சார்பில் தாக்கல் செய்யப்பட்ட சத்தியக்கூற்று பெரும் கொந்தளிப்பை ஏற்படுத்தியதும், மத்திய அரசு அதனை மீளப்பெற்றதும் பலருக்கு நினைவிருக்கும்.

அந்தக் கால்வாய் குறித்துக் கேட்கவேண்டிய கேள்விகள் ஏராளமாக இருந்தன. தோண்டிய வழி மீண்டும் மண்ணால் நிரம்பாதா? நிரம்பினால் ஆண்டுதோறும் யார் செலவில் தோண்டுவது? மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளுக்கும் கடற்பசுக்களுக்கும் என்னவாகும்? பெரிய கப்பல்கள் அவ்வழியால் செல்ல முடியுமா? மன்னாரிலும் இராமேஸ்வரத்திலும் சிறு வள்ளங்களில் தொழில்புரியும் மக்களின் வாழ்வு என்னவாகும்? இவை இரு கரைத் தமிழரின் வயிற்றோடு தொடர்புடைய கேள்விகள். பின்னர் ஆர்.கே. பச்சௌரி தலைமையில் அமைக்கப்பட்ட குழு, மாற்றுப் பாதை ஒன்று பொருளாதார நோக்கிலும் சூழலியல் நோக்கிலும் பயன்தராது என்றே முடிவுக்கு வந்தது. ஆனால் பொது விவாதத்திலே பெரும் இடத்தைப் பிடித்திருந்தது நாசாவின் பெயரால் வந்த அந்த எண்தான். ஆதரித்தோர் அதை ஏந்தினர். எதிர்த்தோர் அதைக் கேலி செய்தனர். மீனவரின் கேள்வி இரண்டு ஆரவாரங்களுக்கும் நடுவே மெலிந்துபோயிற்று.

திட்டம் நல்லதா கெட்டதா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. 2023 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் அதனை மீண்டும் நடைமுறைப்படுத்த வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த விவாதத்தில் யார் எந்தப் பக்கம் நின்றாலும், பொய்யான சான்று ஒன்று ஒரு கேள்வியைக் களவாடிவிடும் என்பதை மறக்கக்கூடாது.

கதை 2007இலும் ஓயவில்லை. 2017 டிசெம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்று தனது நிகழ்ச்சிக்கான முன்னோட்டத்தை வெளியிட்டது. மணல் 4,000 ஆண்டுகள் பழையது. அதன்மேலுள்ள கற்கள் 7,000 ஆண்டுகள் பழையவை. ஆகவே கற்கள் வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை என்றது அது. உடனே அமெரிக்க விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள் என்று அது உலகெங்கும் சுற்றியது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பதினேழரை இலட்சத்துக்கும் ஏழாயிரத்துக்கும் இடையில் இருநூற்றைம்பது மடங்கு வேறுபாடு. ஒன்று சரியானால் மற்றது தவறு. ஆயினும் இரண்டையும் ஒரே கட்டுரையில் அடுத்தடுத்து வைத்து, இரண்டு சான்றுகள் எனக் காட்டுவோர் உள்ளனர். ஒன்றையொன்று அழிக்கும் சான்றுகளைச் சேர்த்து வைத்திருப்பவர் உண்மையைத் தேடவில்லை. தாம் ஏற்கெனவே அடைந்துவிட்ட முடிவுக்குத் துணை தேடுகிறார்.

இரவல் வாங்கிய பெயர்

நாசாவின் பெயரை இரவல் வாங்கும் வழக்கம் சேதுவோடு நின்றுவிடவில்லை. திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு மேலாகச் செல்லும் செய்மதிகள் மூன்று விநாடி நின்றுபோகின்றன, நாசா திகைத்துப்போனது என்ற செய்தியை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. பூமிக்கு அண்மையில் சுற்றும் செய்மதி ஒரு விநாடிக்கு ஏழரைக் கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகந்தான் அதனை விழாமல் வைத்திருக்கிறது. மூன்று விநாடி நின்றால் அது சுற்றுப்பாதையிலிருந்து கீழே இறங்கத் தொடங்கிவிடும். அந்தச் செய்தியில் செய்மதியின் பெயரைத் தேடுங்கள். நாளைத் தேடுங்கள். திகைத்த விஞ்ஞானியின் பெயரைத் தேடுங்கள். என் கண்ணிற் பட்ட எந்த வடிவத்திலும் நாசா என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் இல்லை.

தீபாவளி இரவில் விண்ணிலிருந்து இந்தியா என்று சொல்லி ஆண்டுதோறும் வந்துசேரும் வண்ணப் படமும் அப்படியே. அந்தப் படம் தீபாவளியைப் பற்றியதன்று. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ், நகர விளக்குகள் ஆண்டுகளினூடே எவ்வாறு பெருகின என்பதைக் காட்டுவதற்காகச் செய்மதித் தரவுகளைக் கொண்டு 2003இல் ஆக்கியது. வெள்ளை 1992க்கு முன்பிருந்த வெளிச்சம்; நீலம் 1992இல் தோன்றியது; பச்சை 1998; சிவப்பு 2003. ஒரு நாட்டின் பத்தாண்டு வளர்ச்சி ஓர் இரவின் மத்தாப்பாக மாற்றப்பட்டுவிட்டது. நாசா 2012 நவம்பர் 12ஆம் திகதி எடுத்த மெய்யான படமொன்றை வெளியிட்டு, தீபாவளி விளக்குகளால் கூடும் ஒளி விண்ணிலிருந்து பார்த்தால் புலப்படாத அளவு சிறியது என்று விளக்கியது. அடுத்த தீபாவளிக்கும் பழைய படமே வந்தது.

இவையெல்லாம் இணையம் கொண்டுவந்த கேடு, அச்சுக் காலத்தில் இவ்வாறு இருக்கவில்லை என்று சொல்லும் பழைய பத்திரிகைக்காரர் பலர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2002இன் செய்தியை அச்சேற்றி மதிப்பளித்தவை பத்திரிகைகளும் செய்தி நிறுவனங்களுமே. நமது தொழிலின் ஏட்டில் இதற்கு மிகப் பழைய முன்னோடி ஒன்றும் இருக்கிறது.

1835ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் திகதி நியூயோர்க்கின் த சன் என்ற மலிவு விலை நாளிதழ் ஒரு தொடரைத் தொடங்கியது. புகழ்பெற்ற வானியலாளர் ஜோன் ஹேர்ஷல், ஆபிரிக்காவின் தென்முனையிலே மாபெரும் தொலைநோக்கி ஒன்றை அமைத்துச் சந்திரனை ஆராய்ந்ததாகவும், அங்கே காடுகளையும் விநோத விலங்குகளையும் வௌவாற் சிறகு கொண்ட மனிதரையும் கண்டதாகவும் ஆறு பகுதிகளில் அது எழுதியது. மூலம், எடின்பரோவின் ஒரு விஞ்ஞான இதழ் என்றது. ஹேர்ஷல் உண்மையான மனிதர். அவர் அப்போது தென்னாபிரிக்காவில் இருந்ததும் உண்மை. விஞ்ஞான இதழும் ஒருகாலத்தில் இருந்ததுதான். ஆனால் அத்தொடர் வெளியானபோது அது நின்றுபோய்விட்டது. ஹேர்ஷலுக்கோ இதில் எதுவும் தெரியாது.

இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உண்மையான ஒரு பெயர். உண்மையான ஒரு கருவி. எளிதில் சென்று சரிபார்க்க முடியாத தூரம். வாசகர் கேட்க விரும்பும் அதிசயம். வெற்றிகரமான புரளிக்கு இந்த நான்கும் போதும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. 1835இல் நியூயோர்க் வாசகர் ஒருவர் ஹேர்ஷலிடம் கேட்டுப் பதில் பெறக் கப்பல் மாதக்கணக்கில் ஓடவேண்டும். இன்று நாசாவின் தளத்தைத் திறக்க ஒரு நிமிடம் ஆகாது. தூரம் மறைந்துவிட்டது. கேட்கும் பழக்கம் மட்டும் வளரவில்லை.

நமக்கென்று ஒரு காரணம்

ஈழத்தமிழ் வாசகரைப் பொறுத்தவரை இன்னொரு காரணத்தையும் சொல்லவேண்டும். அதிகாரபூர்வமான தகவல் என்றாலே ஐயத்தோடு பார்க்க நாம் பழகியவர்கள். அந்த ஐயத்துக்கு நியாயமும் இருந்தது. 1998இலும் 2000இலும் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டிருந்தது. தணிக்கை அதிகாரி வெட்டிய இடங்களை வெறுமையாகவே விட்டு அச்சிட்ட பத்திரிகைகளை நம்மவர் கண்டிருக்கிறார்கள். ஒரு தரப்பின் அறிக்கையில் இறந்தோர் தொகை ஒன்று. மறுதரப்பின் அறிக்கையில் வேறொன்று. எழுதாமல் விடப்பட்டதை ஊகித்து வாசிப்பதே அக்காலத்து வாசகரின் கல்வியாக இருந்தது.

அதிகாரமும் நம்பகமும் ஒன்றல்ல என்பதை நாம் நூல்களில் படிக்கவில்லை, வாழ்ந்து அறிந்தோம். அது பெரிய பாடந்தான். ஆனால் பாதியிலே நின்றுபோன பாடம். அரசு சொல்வது பொய்யாக இருக்கலாம் என்பதிலிருந்து, அரசு சொல்லாதது உண்மையாகத்தான் இருக்கும் என்ற முடிவுக்கு வந்துவிட்டோம். உள்ளூர் அதிகாரத்தை நம்ப மறுத்த மனம் தொலைதூர அதிகாரம் ஒன்றைத் தேடியது. நாசா என்ற ஈரெழுத்து அந்த இடத்தில் வந்து அமர்ந்தது. ஐயம் நல்ல பழக்கம். அதை ஒருபக்கமாக மட்டும் பயன்படுத்தினால் அதுவும் ஒரு மூடநம்பிக்கையே.

அப்படியானால் எதனை நம்புவது? 2017இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பேர்க், சாரா மக்ரூ ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு வழிகாட்டுகிறது. கலாநிதிப் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் பத்துப் பேர், செய்திகளைச் சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டோர் பத்துப் பேர், அப்பல்கலைக்கழக மாணவர் இருபத்தைந்து பேர் ஆகியோருக்கு இணையத்தளங்களைக் காட்டி, எது நம்பத்தக்கது என்று மதிப்பிடச் சொன்னார்கள். படித்த வரலாற்றாசிரியர் பலர் தடுமாறினர். சரிபார்ப்போர் வேகமாகவும் சரியாகவும் விடை கண்டனர்.

காரணம் என்ன? வரலாற்றாசிரியரும் மாணவரும் அந்தப் பக்கத்திலேயே தங்கி, மேலிருந்து கீழாக வாசித்து, அதன் தோற்றத்தையும் சின்னத்தையும் மொழிநடையையும் கொண்டு மதிப்பிட முயன்றார்கள். சரிபார்ப்போர் பக்கத்தைத் திறந்தவுடனேயே அதைவிட்டு வெளியேறி, இந்த அமைப்பு யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறிடங்களில் தேடினார்கள். அதன் பிறகே திரும்பி வந்து வாசித்தார்கள். ஒருவரின் நாணயத்தை அவரிடமே கேட்டு அறியமுடியாது; அயலவரிடம் விசாரிக்க வேண்டும். திருமணப் பேச்சுக்கு முன் ஊரில் விசாரிக்கும் நமது பெற்றோருக்கு இந்த முறையைப் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை.

செய்தி மேசையிலிருந்து இதனோடு நான்கு கேள்விகளைச் சேர்க்கிறேன். இதனை முதலில் சொன்னவர் யார். பெயரும் நாளும் உண்டா? பெயர் சொல்லப்பட்ட நிறுவனம் தனது சொந்த இடத்தில் இதனைச் சொல்லியிருக்கிறதா? சொல்பவர் கையாண்ட கருவியால் அந்த விடயத்தை அறியமுடியுமா? இது உண்மையாக இருக்கவேண்டும் என்று என் மனம் விரும்புகிறதா? நான்காவது கேள்விக்கு ஆம் என்று விடை வந்தால் முதல் மூன்றையும் இரண்டாந் தடவை கேட்கவேண்டும்.

இக்கேள்விகள் முன்னெப்போதையும்விட இன்று அவசியமாகின்றன. 2023 ஜூனில் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்று இரண்டு சட்டத்தரணிகளுக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் 5,000 டொலர் தண்டம் விதித்தது. ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி ஆக்கிக்கொடுத்த, நிகழாத வழக்குகளின் தீர்ப்புகளை அவர்கள் முன்னுதாரணமாகக் காட்டியிருந்தார்கள். நீதிமன்றங்களின் பெயர்கள் உண்மை. தீர்ப்பு எண்கள் முறைப்படி இருந்தன. தீர்ப்புகள்தாம் இல்லை. முன்பு பெயரை இரவல் வாங்க ஒரு மனிதன் தேவைப்பட்டான்; இன்று அவனும் தேவையில்லை.

மெய்யான சேது

மணற்றிட்டின் முதலாவது வரலாற்றுக்கு வருவோம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. அப்போது இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலப்பரப்பு. விலங்குகளும் மனிதரும் கால்நடையாகவே வந்துபோயிருக்க முடியும். இதற்கு நிலவியல் சாட்சி சொல்கிறது. இதைவிடப் பெரிய அதிசயம் வேறென்ன வேண்டும்?

யாழ்ப்பாண இராச்சியத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் தங்களைச் சேதுகாவலர் என்று அழைத்துக்கொண்டனர். அவர்கள் வெளியிட்ட நாணயங்களில் நந்தியின் உருவத்தோடு 'சேது' என்ற தமிழ்ச் சொல் பொறிக்கப்பட்டுள்ளது. கையில் எடுத்துப் பார்க்கலாம், நிறுத்துப் பார்க்கலாம், எழுத்தமைதியை ஆராயலாம். அக்கரையில் இராமநாதபுரத்து மன்னர்கள் சேதுபதிகள் எனப்பட்டனர். ஒரே கடலின் இரு கரைகளிலும் இரண்டு அரசுகள் ஒரே சொல்லைத் தங்கள் பெருமையாகச் சூடின. 1914இலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை நடந்தது. 1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயல், பயணிகளோடு ஒரு புகையிரதத்தையும் தனுஷ்கோடி நகரையும் அழித்தது. தோட்டத் தொழிலாளரும் வணிகரும் யாத்திரிகரும் அந்த நீரைக் கடந்த கதைகள் இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை.

2024இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இந்தத் திட்டுகளின் விரிவான நீரடி வரைபடத்தை வெளியிட்டார்கள். நாசாவின் ஐஸ்சாட் 2 செய்மதி 2018 முதல் 2023 வரை அனுப்பிய லேசர்க் கதிர்த் தரவுகளே அதற்கு அடிப்படை. 29 கிலோமீற்றர் நீளம், கடலடியிலிருந்து ஏறத்தாழ 8 மீற்றர் உயரம், நூற்றுக்கு 99.98 பங்கு ஆழமற்ற நீரில் மூழ்கியுள்ளது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை கடலுக்குள் தொடரும் ஒரே அமைப்பு. இங்கேயும் நாசாவின் பெயர் வருகிறது. ஆனால் என்ன வேறுபாடு! எழுதியவர் யார், எந்தக் கருவி, எந்தக் காலத்துத் தரவு, எவ்வாறு அளந்தார்கள் என்பதெல்லாம் வெளிப்படையாக உள்ளன. ஐயமுள்ளவர் அதே தரவை எடுத்துத் தாமே அளந்து பார்க்கலாம். அளந்ததை மட்டுமே சொல்லியிருக்கிறார்கள். நம்பகம் என்பது இதுதான்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வளரும் நமது பிள்ளைகள், நாம் சொல்வதை அப்படியே ஏற்கும் தலைமுறையல்ல. தாத்தா அனுப்பிய நாசாச் செய்தியை அவர்கள் ஒரு நிமிடத்தில் தேடிப்பார்ப்பார்கள். அது பொய்யென்று காண்பார்கள். மறுநாள் அதே தாத்தா, நமது மன்னர்கள் சேது என்ற சொல்லை நாணயத்தில் பொறித்தார்கள் என்று சொல்லும்போது, அதையும் அவர்கள் நம்பமாட்டார்கள். இந்த இழப்பையே நான் அஞ்சுகிறேன். நூலகம் எரிந்ததையும் ஏடுகள் அழிந்ததையும் கண்ட இனம் நாம். எஞ்சியிருக்கும் மெய்யான சான்றுகள் மிகச் சில. அவற்றை எதிரி வந்து அழிக்க வேண்டியதில்லை. அவற்றின் அருகே ஒரு பொய்யை நாமே கொண்டுபோய் வைத்தால் போதும்.

அடுத்த முறை நாசா சொன்னதாம் என்று ஒரு செய்தி உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தால், அதனை ஐம்பது பேருக்கு அனுப்புவதற்கு முன்னர் அனுப்பியவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: எங்கே சொன்னது?